பதினான்காவது ஷரத்து

எங்கள் ஊர் நீதிமன்றங்களில் சிவில் வழக்கு என்றால் பெரும்பாலும் நிலம்தான். பாகப்பிரிவினை, வண்டிப்பாதை உரிமை, முந்திரித் தோப்பின் எல்லை, கிணற்றில் முறைத் தண்ணீர், நடுவே கொஞ்சம் புரோநோட்டு. என் அலுவலக அலமாரியில் குமாஸ்தா அடுக்கி வைத்திருக்கும் கட்டுகளில் முக்கால்வாசி இந்த வகைதான். ஒரே ஒரு கட்டு மட்டும் இவற்றோடு சேராது. அதில் சர்வே எண் கிடையாது, நான்கெல்லை கிடையாது. தாவா சொத்து ஒரு மனிதனின் தலைக்குள் இருந்தது.

பீங்கான் இன்ஜினியர் ஒருவர் வேலையை விட்டு வந்து சொந்தமாக ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். அவர் அதுவரை வேலை பார்த்த கம்பெனி அதைத் தடுக்கக் கோரி வழக்குப் போட்டது. நான் இன்ஜினியருக்காக ஆஜரானேன். இரு தரப்பின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. பெயர் இல்லாமலே சொல்லக்கூடிய வழக்கு இது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இது நாளைக்கே நடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் ரயில்வே ஜங்ஷனும் பழமலைநாதர் கோயிலும். எங்களுக்கு அவற்றோடு பீங்கானும் உண்டு. பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. அந்த மண்ணை நம்பி இங்கே பீங்கான் தொழிற்பேட்டை எழுந்தது. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசு கல்வி நிறுவனமும் வந்தது. ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்கம்பத்து இன்சுலேட்டர், வீட்டுக்கு வீடு மீட்டர் பலகையில் இருந்த வெள்ளை பீஸ் கட்டை எல்லாம் இங்கே உருவானவை. பெரிய ஆலைகள் குறைவு. குடும்பத்தோடு உழைக்கும் சின்ன யூனிட்கள்தான் அதிகம். சொந்தச் சூளை இல்லாமல் வாடகைச் சூளையில் சுட்டெடுப்பவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

வழக்கு வந்த காலத்தில் அந்த யூனிட்களுக்கு இரண்டு பக்கமும் அடி. புது வீடுகளில் பீஸ் கட்டையின் இடத்தை எம்.சி.பி. சுவிட்ச் பிடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் குஜராத்திலிருந்து பெரிய ஆலைகளின் சரக்கு மலிவாக வந்து இறங்கியது. நூறு உருப்படி சூளைக்குள் போனால் எத்தனை கீறல் இல்லாமல் வெளியே வருகின்றன என்பதில்தான் ஒரு யூனிட்டின் வாழ்வே நின்றது. வேஸ்டேஜ் கொஞ்சம் கூடினாலும் அந்த மாதக் கூலி கைவிட்டுப் போகும்.

என் கட்சிக்காரரின் தந்தை அப்படிப்பட்ட யூனிட் ஒன்றில் சூளை அடுக்கும் தொழிலாளி. பச்சைச் சரக்கை மண்பெட்டிகளில் வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகச் சரியாமல் அடுக்குவது அவர் வேலை. பையன் பள்ளி விடுமுறைகளில் அங்கேயே வளர்ந்தவன். உள்ளூரிலேயே பீங்கான் டிப்ளமோ முடித்து, பேட்டையில் ஒரு யூனிட்டில் சூளை மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். பிறகு குஜராத் போனார். அங்கே தான்கட் பக்கம் கழிப்பறைச் சாமான்கள் செய்யும் ஆலைகளில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். வாயு எரிபொருளில் ஓடும் சூளைகளை அங்கேதான் கையாண்டு பழகினார். அப்பாவுக்கு மூச்சுக் கோளாறு முற்றியதும் ஊர் திரும்பி, இன்சுலேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் உற்பத்தி மேலாளரானார். இதில் எந்த மாயமும் இல்லை. சூளை வாசலிலேயே நின்று படிப்படியாக வளர்ந்த வாழ்க்கை. எனக்கு அவர் மேல் மதிப்பு வந்ததற்கு அதுவே காரணம்.

கம்பெனியில் அவருக்கு நல்ல பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சிநேகிதர்களின் யூனிட்டுக்குப் போவார். "சரக்கு ஏன் வெடிக்குதுன்னு பாத்துச் சொல்லுப்பா" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே நோய்தான். ஈரம் முழுதாக உலராத சரக்கைச் சூளையில் ஏற்றுவது, சூட்டை அவசரப்பட்டுக் கூட்டுவது, அவசரப்பட்டுத் திறப்பது. தனித்தனியாக ஒவ்வொருவராலும் இன்ஜினியர் வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. பத்துப் பேருக்கு ஒருவர் இருந்தால் கட்டுப்படியாகும். இந்தக் கணக்கு அவர் மனத்தில் ஊன்றிவிட்டது. முறையாக ராஜினாமா கொடுத்தார். ஒரு மாத நோட்டீஸ் காலம் முடியும்வரை வேலை செய்தார். பிறகு பாலக்கரைப் பக்கம் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, வங்கிக் கடனில் சிறிய சோதனை உலை ஒன்று வாங்கி வைத்து, பெயர்ப் பலகை மாட்டினார்.

மூன்றாவது மாதம் கோர்ட் ஆமீனா அந்தப் படியேறினார்.

என் கட்சிக்காரர் கொண்டுவந்து என் மேசையில் வைத்த கட்டில் பிராது, இடைமனு, நியமன உத்தரவின் நகல் எல்லாம் இருந்தன. நியமன உத்தரவு ஆங்கிலத்தில் பல பக்கம். அதில் பதினான்காவது ஷரத்து இப்படிச் சொன்னது: வேலையிலிருந்து எந்தக் காரணத்தால் விலகினாலும், விலகிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் பீங்கான் சம்பந்தப்பட்ட எந்த நிறுவனத்திலும் ஊழியராகவோ, கூட்டாளியாகவோ, ஆலோசகராகவோ இருக்கக் கூடாது. கீழே அவருடைய கையெழுத்து.

"படிச்சுப் பாத்துதான் போட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"வேலைக்குச் சேர்ற அன்னிக்கு யார் சார் படிச்சாங்க? கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க, போட்டேன்."

கம்பெனி கேட்டவை மூன்று. மூன்றாண்டுக்கு நிரந்தர உறுத்துக்கட்டளை, அவர் எடுத்துச் சென்றதாகச் சொன்ன தொழில் ரகசியங்களைப் பயன்படுத்தத் தடை, பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு. எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடையும் கிடைத்திருந்தது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. நோட்டீஸ் கொடுத்துக் காத்திருந்தால் வழக்கின் நோக்கமே கெட்டுவிடும் என்று கருதினால், காரணத்தை எழுதிவைத்து நீதிமன்றம் அப்படித் தடை தரலாம். அவ்வாறு தந்தால் முப்பது நாளுக்குள் அந்த மனுவை முடிக்க முயல வேண்டும் என்று 39-ஆம் கட்டளையின் 3-ஏ விதி சொல்கிறது. அந்த விதியை நம்பித்தான் முதல் வாய்தாவிலேயே எதிருரையைத் தாக்கல் செய்தேன். மறுதரப்பு பதிலுரைக்கு அவகாசம் கேட்டது, ஆவணத்துக்கு அவகாசம் கேட்டது, மூத்த வழக்கறிஞர் வெளியூர் போயிருக்கிறார் என்று அவகாசம் கேட்டது. நிலத் தகராறில் இரண்டு மாதம் தள்ளிப்போனால் நிலம் அங்கேயேதான் கிடக்கும். புதிதாகத் தொடங்கிய தனியாள் நிறுவனத்துக்கு அந்த இரண்டு மாதம் மூச்சுக்காற்று. நீதிமன்றத் தடை இருக்கிறது என்று தெரிந்ததும் யூனிட்காரர்கள் அவரைக் கூப்பிடப் பயந்தார்கள். வாடகை நின்றது. கடன் தவணைக்கு மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது.

அந்த நாட்களில் ஒரு மாலை அவர் கேட்ட கேள்வியைத்தான் பின்னால் என் வாதத்துக்கே முதுகெலும்பாக வைத்துக்கொண்டேன். "கம்பெனி சாவி, யூனிஃபார்ம், ஐடி கார்டு எல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன் சார். மூளையை எப்படிக் கழட்டிக் குடுக்கிறது?"

வாதத்துக்கு முன் ஒன்றைச் செய்தாக வேண்டியிருந்தது. "உங்க தலையில இருக்கறது உங்களோடது. காகிதத்துல இருக்கறது அவங்களோடது. அவங்க காகிதம் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டேன். தயங்கினார். பிறகு இருக்கிறது என்றார். சூளை வெப்பப் பதிவேட்டின் சில மாதத் தாள்களும் இரண்டு அச்சு வரைபடங்களும் வீட்டில் இருந்தன. இரவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கக் கொண்டுவந்தவை, திருப்பித் தர மறந்தவை. அவர் சொன்னதை நான் நம்பினேன். ஆனாலும் அவை அவர் வீட்டில் இருக்கக் கூடாது. மறுநாளே மெமோ போட்டு அத்தனையையும் நீதிமன்றத்தில் ஒப்படைத்தோம். சக வழக்கறிஞர் ஒருவர், நாமே போய் மாட்டிக்கொள்வதா என்று கேட்டார். தொழில் ரகசிய வழக்கில் பிரதிவாதியின் நேர்மைதான் அவருக்கு முதல் சாட்சி என்பது அன்றும் இன்றும் என் எண்ணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவு. சட்டப்படியான எந்தத் தொழிலையும் வணிகத்தையும் வேலையையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. விதிவிலக்கு ஒன்றுதான்: தன் வணிகத்தையும் அதன் நற்பெயரையும் விலைக்கு விற்றவர், நியாயமான எல்லைக்குள் அதே வணிகத்தைச் செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளலாம். சட்டம் வந்து இரண்டே ஆண்டில், 1874-இல், கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இந்தப் பிரிவுக்குச் சோதனை வந்தது. பித்தளைப் பாத்திரக் கடைக்காரர்கள் இருவருக்குள் போட்டி. நீ கடையை மூடினால், உன் ஆட்களுக்கு நீ கொடுத்திருக்கும் முன்பணம் 900 ரூபாயை நான் தருகிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். மற்றவர் மூடினார், பணம் வரவில்லை, வழக்குப் போட்டார். தடை முழுமையானதா, ஒரு தெருவுக்கு மட்டுமா என்ற வேறுபாடே இந்தியச் சட்டத்தில் கிடையாது, ஒப்பந்தம் செல்லாது என்று தலைமை நீதிபதி ரிச்சர்ட் கவுச் தீர்ப்பளித்தார். பணம் கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

இங்கிலாந்தில் தடை நியாயமானதா என்று அளந்து பார்ப்பார்கள். அந்த அளவுகோலிலும் எங்களுக்குத் துணையாக ஒரு வழக்கு கிடைத்தது. ஹெர்பர்ட் மாரிஸ் எதிர் சாக்ஸல்பி, பிரபுக்கள் சபை, 1916. சாக்ஸல்பி பாரம் தூக்கும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் சிறு வயதிலேயே சேர்ந்து, வரைபடக்காரராக இருந்து, இன்ஜினியராக உயர்ந்தவர். விலகிய பின் ஏழு ஆண்டு அந்தத் தொழில் பக்கமே போகக் கூடாது என்பது ஒப்பந்தம். கம்பெனியின் ரகசியம் வேறு, வேலை பார்த்ததால் ஒருவனுக்குக் கைவந்த திறமை வேறு, திறமை அவனுக்கே சொந்தம் என்று அந்தத் தடையைச் செல்லாததாக்கினார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது, சாக்ஸல்பிக்குப் பதில் என் கட்சிக்காரரின் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் லேசானவர் அல்ல. 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கைக் கையில் வைத்திருந்தார். கல்யாணில் டயர் நூல் செய்யும் ஆலை. ஹாலந்து நாட்டுக் கம்பெனியின் தொழில்நுட்பம். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஷிஃப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்து, பயிற்சியும் பெற்ற கோலிகரி, பாதியில் விலகிக் கூடுதல் சம்பளத்துக்குக் கோட்டாவில் இருந்த போட்டி ஆலைக்குப் போனார். அவருக்குத் தடை விதித்தது சரியே என்றது உச்ச நீதிமன்றம். படித்துக் கேட்க அப்படியே எங்கள் வழக்குப் போலத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தடை ஐந்தாண்டு ஒப்பந்தக் காலம் முடியும் 1968 மார்ச் வரைக்கும்தான். வேலைக்காலத்துக்குள் போட்டியாளரிடம் போகாதே என்பது வேறு. வேலை முடிந்த பிறகும் உன் பிழைப்பைத் தேடாதே என்பது வேறு. என் கட்சிக்காரருக்குக் கால வரையறை கொண்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விலகியவர்.

அதற்கு நான் வைத்த பதில் 1980-ஆம் ஆண்டின் கிருஷண் முர்காய் வழக்கு. சரக்கின் தரத்தையும் அளவையும் சோதித்துச் சான்று தரும் கல்கத்தா கம்பெனி ஒன்றுக்கு டெல்லியில் கிளை மேலாளராக இருந்தவர் முர்காய். விலகிய பின் இரண்டாண்டு அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று கையெழுத்திட்டிருந்தார். 1978-இல் கம்பெனியே அவரை நீக்கியது. அவர் டெல்லியிலேயே அதே வகை நிறுவனத்தைச் சொந்தமாகத் தொடங்கினார். கம்பெனியின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இங்கே எதிர்த்தரப்பு எழுந்தது. "மூன்று நீதிபதிகளில் இருவர், கம்பெனியே நீக்கிவிட்டதால் அந்த ஷரத்து பொருந்தாது என்றுதான் சொன்னார்கள். 27-ஆம் பிரிவைப் பற்றி விரிவாக எழுதியவர் நீதிபதி ஏ.பி. சென் ஒருவர்தான். இந்தப் பிரதிவாதியோ தானாக விலகியவர்" என்றார். சரியான கொக்கி. நான் மறைக்கவில்லை. நீதிபதி சென் எழுதியது தனித் தீர்ப்புதான். ஆனால் வேலைக்காலத்துக்குப் பிந்திய தடை 27-ஆம் பிரிவின்படி செல்லாது என்ற கருத்தை அதன் பிறகும் நீதிமன்றங்கள் தொடர்ந்து ஏற்று வந்திருக்கின்றன என்று தீர்ப்புகளை அடுக்கினேன்.

அன்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எங்கள் ஊர்க் கதையையே எடுத்து வீசினார். சுந்தரர் எங்கள் ஊரான இதே திருமுதுகுன்றத்தில் ஈசனிடம் பன்னீராயிரம் பொன் பெற்று, மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் அல்லவா. "எங்கள் கம்பெனியில் பெற்ற பொன்னை இவர் பாலக்கரை மாடியில் எடுக்கிறார், கனம் கோர்ட்டார் அவர்களே" என்றார். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு பதில் தேட வேண்டியிருக்கவில்லை. "ஆற்றில் போட்டபோதும் குளத்தில் எடுத்தபோதும் அந்தப் பொன் சுந்தரருடையதுதான். திருமுதுகுன்றத்தார் யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை" என்றேன்.

இடைக்காலத் தடை பாதி நீங்கியது. கம்பெனியின் ஆவணங்களையும், பீங்கான் மேல்பூச்சான கிளேஸின் கலவையையும் பயன்படுத்தக் கூடாது என்ற பகுதி மட்டும் வழக்கு முடியும்வரை நீடித்தது. தொழில் செய்ய அவருக்கு வழி திறந்தது. அப்போதே வழக்கில் பாதி வெற்றி என்று நான் எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதி விசாரணையில் இருந்தது. அதற்கு எனக்குப் பீங்கான் தெரிய வேண்டியிருந்தது.

தெரிந்துகொள்ளப் பேட்டைக்குப் போனேன். சூளை பிரிக்கும் நாள். இன்ஜினியரே கூட நின்று விளக்கினார். மின்சாரப் பீங்கான் என்பது களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றின் கலவை. ஏறக்குறைய 1,300 டிகிரி வரை சுட வேண்டும். ஃபெல்ஸ்பார் உருகி மற்றவற்றைப் பிணைக்கும். குவார்ட்ஸுக்கு ஒரு குணம் உண்டு. 573 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறி, அளவு திடீரென்று கூடும் அல்லது குறையும். சுட்டு முடித்து ஆறவிடும்போது அந்த இடத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் உருப்படியில் கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாத கீறலும் உண்டு. இன்சுலேட்டர் துண்டை உடைத்து, ஃபுக்‌சின் என்ற சிவப்புச் சாயக் கரைசலில் அழுத்தம் கொடுத்து ஊறவைப்பார்கள். சாயம் உள்ளே இறங்கியிருந்தால் பீங்கானில் நுண்துளை இருக்கிறது என்று பொருள். அந்தச் சரக்கு மின்கம்பத்துக்கு ஏறக் கூடாது.

கம்பெனி தன் ரகசியம் என்று சொன்னதில் முதலாவது இந்த ஆறவிடும் முறை. அவர்களுடைய ஆலை மேலாளர் சாட்சிக் கூண்டில் ஏறினார். நேர்மையான மனிதர், தொழில் தெரிந்தவர். குறுக்கு விசாரணையில் நான் கேட்டவை எளிய கேள்விகள்.

"சூளையை 600 டிகிரிக்குக் கீழே கொண்டுவரும்போது வேகத்தைக் குறைக்கிறீர்கள், சரிதானே?"

"சரி."

"573 டிகிரியில் குவார்ட்ஸ் மாறுவதால்?"

"ஆமாம்."

"அதை உங்கள் கம்பெனி கண்டுபிடித்ததா?"

"இல்லை. எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது."

அப்போது ஒரு பழைய நோட்டை அவரிடம் நீட்டினேன். என் கட்சிக்காரரின் டிப்ளமோ கால ஆய்வுக்கூடப் பதிவேடு. பழுப்பேறிய பக்கங்களில் சூளை சூடேறி ஆறும் வரைகோடு, அதில் 573-க்கு எதிரே சிவப்பு மையில் ஒரு வட்டம், அடியில் ஆசிரியரின் கையெழுத்தும் தேதியும். கம்பெனியில் சேர்வதற்குப் பல ஆண்டு முந்திய தேதி. சாட்சி நெடுநேரம் அதைப் புரட்டினார். "இதுதான் நாங்களும் செய்வது" என்றார். அது எங்கள் தரப்புச் சான்றாவணமாகக் குறியிடப்பட்டது. இந்த வழக்கில் எனக்கு மிகப் பிடித்த ஆவணம் அதுதான். மாணவர்கள் ஆய்வுக்கூட நோட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடக் கூடாது என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறேன்.

கிளேஸ் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. பீங்கான் மேல் கண்ணாடி போல உருகிப் படியும் பூச்சுதான் கிளேஸ். அதன் கலவை உண்மையிலேயே ஒரு கம்பெனியின் பல ஆண்டுப் பரிசோதனையில் உருவானதாக இருக்கலாம், ரகசியமாகவும் இருக்கலாம். இந்த இடத்தில் கம்பெனி முதலாளியின் பயத்தில் எனக்கு அனுதாபம் உண்டு. அவர் பணம் போட்டுச் சோதனைகள் நடத்தியவர். கலவையைப் பகிரங்கமாகச் சொன்னால் ரகசியமே போய்விடும் என்று அவர் தரப்பு சொன்னதும் நியாயம். அதனால் மூடிய உறையில் தாக்கல் செய்யட்டும், அறிவியல் ஆய்வுக்கு நிபுணர் ஒருவரை ஆணையராக நியமிக்கட்டும் என்று 26-ஆம் கட்டளை 10-ஏ விதியின் கீழ் நானே மனுப் போட்டேன். எதிர்த்தரப்பும் ஒப்புக்கொண்டது. பீங்கான் துறை ஆசிரியர் ஒருவர் ஆணையரானார்.

அவர் இரண்டு கலவைகளையும் செகர் சூத்திரத்தில் எழுதிப் பார்த்தார். ஹெர்மன் செகர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் தந்த முறை அது. கலவையில் எத்தனை கிலோ எந்த மண் என்று பார்க்காமல், உருகிய பின் மிஞ்சும் ஆக்சைடுகளை மூலக்கூறு விகிதத்தில் ஒப்பிடுவார்கள். மண்ணை மாற்றி, பெயரை மாற்றி ஏமாற்ற முடியாது. சின்ன யூனிட்களுக்கு என் கட்சிக்காரர் எழுதித் தந்த கிளேஸ் குறைந்த சூட்டில் உருகும்படி, ஜாடிக்கும் விளக்குக்கும் ஏற்றபடி அமைந்தது. கம்பெனியுடையது உயர் சூட்டு இன்சுலேட்டர் கிளேஸ். இரண்டும் வேறு என்று அறிக்கை வந்தது.

எங்கள் தரப்புச் சாட்சிகளில் ஊறுகாய் ஜாடி செய்யும் யூனிட்டை நடத்திய ஒரு அம்மா வந்தார். கணவர் இறந்தபின் தானே ஏற்று நடத்துபவர். எதிர் வழக்கறிஞர், "டிப்ளமோ படித்தவரிடம் ஆலோசனை கேட்டு நீங்கள் என்ன கண்டீர்கள்?" என்று கேட்டார். அந்த அம்மா சொன்னார்: "பட்டம் எனக்கு எதுக்குங்க ஐயா? அவரு வந்து பாத்தாரு, சரக்க இன்னும் ரெண்டு நாள் காயவைக்கச் சொன்னாரு. வெடிக்கறது நின்னுச்சு. பெரிய கம்பெனி இன்ஜினியர் எங்க கொட்டகைக்கு வருவாரா?" அதற்கு மேல் கேள்வி கேட்கப்படவில்லை.

தீர்ப்பு வந்தது. பதினான்காவது ஷரத்து 27-ஆம் பிரிவின்படி செல்லாது, தொழில் தடைக்கான கோரிக்கை தள்ளுபடி. நஷ்டம் நிரூபிக்கப்படாததால் நஷ்டஈடும் தள்ளுபடி. ஆவணங்கள் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டதைப் பதிவு செய்து, கம்பெனியின் சொந்தக் கிளேஸ் கலவையையும் வரைபடங்களையும் பிரதிவாதி பயன்படுத்தக் கூடாது என்று மட்டும் நிரந்தர உறுத்துக்கட்டளை. செலவுத்தொகை அவரவர் பொறுப்பு. அந்த உறுத்துக்கட்டளையும் சரியே என்பது என் கருத்து. அதை எதிர்த்து நாங்களும் மேல்முறையீடு செய்யவில்லை, கம்பெனியும் செய்யவில்லை.

அவர் நிறுவனம் பிழைத்தது. ஜாடி யூனிட்களில் தொடங்கி, பிறகு வெளி மாவட்ட ஆலைகளின் சூளை எரிபொருள் கணக்கையும் பார்க்கும் அளவுக்கு வளர்ந்தது. பின்னாளில் இரண்டு பையன்களை வேலைக்கு வைத்தபோது, அவர்களுக்கான நியமனக் கடிதத்தை எழுதித் தரச் சொல்லி என்னிடமே வந்தார். தமிழில், இரண்டு பக்கத்தில் எழுதினேன். வாடிக்கையாளர்களின் கலவையை வெளியில் சொல்லக் கூடாது என்ற ஷரத்து அதில் உண்டு. விலகியபின் தொழில் செய்யாதே என்ற ஷரத்து இல்லை.

இன்று வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இரண்டு வகைக் காகிதத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். குறைந்தது இத்தனை ஆண்டு இருப்பேன், முன்பே போனால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்பது ஒரு வகை. அது பெரும்பாலும் செல்லும். விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேலையை விட்ட பிறகு உன் தொழிலையே செய்யாதே என்பது இன்னொரு வகை. அதற்குத்தான் 27-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. முதல் வகையைச் செல்லாது என்று நினைத்து ஓடுபவனும் மாட்டிக்கொள்கிறான், இரண்டாம் வகையைச் செல்லும் என்று நினைத்துப் பயந்து வீட்டில் உட்காருபவனும் வீணாகிறான்.

இந்த ஊரின் பீங்கான் கல்லூரிக்கும், பக்கத்திலுள்ள பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். கடைசிப் பருவத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நியமன உத்தரவை எப்படிப் படிப்பது, எதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது, விலகும்போது எந்தக் காகிதத்தைத் தொடாமல் வருவது என்று மாணவர்களுக்குச் சொல்ல விருத்தாசலம் பாரில் ஆட்கள் இருக்கிறோம். கூப்பிட்டால் வருகிறோம், கட்டணம் வேண்டாம்.